மாத்திரை முடிந்த பிறகு வரும் காமாலை

அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது. மருத்துவர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தருகிறார். காய்ச்சல் விடுகிறது, மாத்திரையும் தீர்கிறது. மூன்று வாரம் கழித்து உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, கண்ணில் மஞ்சள் தெரிகிறது. வெளியில் தண்ணீர் குடித்ததில் காமாலை தொற்றிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். கீழாநெல்லி தேடி ஆள் போகிறது. எப்போதோ தின்று முடித்த மாத்திரையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மருத்துவரிடம் போய், "இப்போது ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்டாலும், "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் பொய்யும் இல்லை.

அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் என்ற கூட்டு மருந்து கல்லீரலைத் தாக்கும்போது பல நேரம் இப்படித்தான் தாக்குகிறது. ஆக்மென்டின் என்ற பெயரில் 1981இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த மருந்து இது. இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் இதே கலவை எத்தனையோ பெயர்களில் கிடைக்கிறது. தொண்டைப்புண், சைனஸ், பல்வலி, நாய்க்கடி என்று பலவற்றுக்கும் எழுதுகிறார்கள். அமாக்ஸிசிலினை உடைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்றைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. அந்த நொதியை முடக்கத்தான் கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். மருந்துக்கு வலிமை கூட்டிய இந்தப் பொருள்தான் கல்லீரலுக்குத் தொல்லையும் ஆனது. வெறும் அமாக்ஸிசிலினால் கல்லீரல் கெடுவது மிக அபூர்வம். இரண்டும் சேர்ந்த மாத்திரையோ, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புக்கு மிக அதிகமாகக் காரணமாகும் தனி மருந்தாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடும் நாட்களிலேயே பாதிப்பு தெரியலாம். நிறுத்தி ஆறு வாரம் வரைக்கும் கழித்தும் தெரியலாம். வயதான ஆண்களுக்கு ஆபத்து கூடுதல். நீண்ட நாள் சாப்பிட்டாலும் கூடும். குழந்தைகளுக்கு மிகக் குறைவு.

இதைப் படித்ததும் பயந்துவிட வேண்டாம். ஐஸ்லாந்தில் 2010, 2011 ஆண்டுகளில் மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 2,350 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் பாதிப்பு இருந்தது. நிமோனியாவுக்கோ சிறுநீரகத் தொற்றுக்கோ ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்போது, அதைச் சாப்பிடாமல் விடுவதில் உள்ள ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரிது.

ஆன்டிபயாட்டிக்கால் கல்லீரல் கெடுவது அபூர்வம். கெட்டாலும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானே தேறிவிடும். உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் அறிகுறி தெரிந்த பிறகும் அதே மாத்திரையைத் தொடரும்போதுதான். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

கல்லீரலுக்கு ஏன் இந்தச் சோதனை?

வாயில் போடும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டதும் நேராக உடம்பெங்கும் பரவிவிடுவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பு, உள்ளே வரும் வேதிப்பொருட்களை மாற்றி, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, பித்தத்திலோ சிறுநீரிலோ வெளியேறும்படி செய்கிறது. மாற்றுகிற வேலையின் நடுக்கட்டத்தில் சில சமயம் மூல மருந்தைவிடக் கெடுதலான பொருள் ஒன்று பிறக்கிறது. அது அடுத்த நொதியால் உடனே அடக்கப்பட்டால் ஒன்றுமில்லை. அடக்கப்படாமல் தேங்கினால் கல்லீரல் அணுக்களின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது.

பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். அது யாருக்கும் நடக்கும், எவ்வளவு தின்றால் நடக்கும் என்றும் தெரியும். ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பாலானவை அப்படி நடந்துகொள்வதில்லை. சரியான அளவில், சரியான நோய்க்கு, சரியான நாட்களுக்குச் சாப்பிட்டவருக்கும் பாதிப்பு வரும். பக்கத்துக் கட்டிலில் அதே மருந்தைச் சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகாது. மருந்து ஒட்டிய புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்நியப் பொருளென்று எடுத்துக்கொண்டு, அந்தப் புரதம் இருக்கும் கல்லீரல் அணுவையே தாக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். யாருடைய எதிர்ப்புச் சக்தி அப்படி எடுத்துக்கொள்ளும் என்பதில் பிறவியில் வந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு.

அப்படியானால் மரபணுவைச் சோதித்துவிட்டு மருந்து கொடுக்கலாமே என்று தோன்றும். ஃப்ளூக்ளோக்ஸாசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் இதை ஆராய்ந்தார்கள். எச்.எல்.ஏ–பி 57:01 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு அந்த மருந்தால் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பது 2009இல் வெளியான ஆய்வில் தெளிவானது. ஆனால் அந்த வகை இருப்பவர்களிலும் ஐந்நூறிலிருந்து ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் பாதிப்பு வருகிறது. மரபணு ஒன்றை மட்டும் பார்த்து மருந்தை மறுத்தால், அது தேவைப்படும் நூற்றுக்கணக்கானவர்களுக்கும் சேர்த்து மறுத்ததாகிவிடும். ஆகவே இன்றைக்கு நம்மிடம் இருக்கும் நம்பகமான வழி, அறிகுறியைக் கவனிப்பதுதான்.

டி.பி. மருந்து: நம் நாட்டில் முதலிடம்

மேல்நாட்டில் ஆக்மென்டின் வகை என்றால், இந்தியாவில் கதை வேறு. 2013 முதல் 2018 வரை நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 1,288 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டின. அவர்களில் 46.4 சதவீதம் பேருக்குக் காரணம் காசநோய் மருந்துகள். மற்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் எல்லாம் சேர்ந்தே 6.5 சதவீதம்தான். காசநோய் அதிகமுள்ள நாடு, ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து, அதிலும் கல்லீரலைத் தொடக்கூடிய மூன்று மருந்துகள் ஒன்றாக. கணக்கு இப்படி வருவதில் வியப்பில்லை.

அந்த மூன்று: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட். உடன் கொடுக்கும் எதாம்பியூட்டால் கல்லீரலைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஐசோனியாசிட் காசநோயைக் குணப்படுத்துகிறது என்பது 1952இல் உலகுக்குத் தெரிந்தபோது அதைப் பெரும் அதிசயமாகக் கொண்டாடினார்கள். அதன் மறுபக்கம் தெளிவாகத் தெரிய ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. 1970இல் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றம் இருக்கும் கேபிடல் ஹில் பகுதி அரசு ஊழியர்களிடையே காசநோய் தென்பட்டது. நோய் வராமல் தடுக்க 2,321 பேருக்கு ஐசோனியாசிட் கொடுத்தார்கள். அவர்களில் 19 பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். நோயே இல்லாதவர்களுக்குத் தடுப்பாகக் கொடுத்த மருந்தால் உயிர் போயிற்று. மாதாமாதம் நோயாளியை அழைத்து அறிகுறி கேட்டுக் கண்காணிக்க வேண்டும் என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் வலுப்பட்டது.

இந்த மருந்தைப் பற்றிய அறிவில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம்தான் பின்னாளில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. சானடோரியத்தில் படுக்க வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவது குறைந்ததில்லை என்று 1959இல் உலகுக்குக் காட்டியது அதுவே. ஐசோனியாசிட்டைத் தென்னிந்தியர்களின் உடம்பு எவ்வளவு வேகத்தில் மாற்றி வெளியேற்றுகிறது என்றும் அங்கே அளந்தார்கள். சிலரது கல்லீரல் அதை விரைவாக மாற்றுகிறது, சிலரது கல்லீரல் மெதுவாக. நம்மவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான வகை. இது பிறவியில் வருவது, உடல்நலத்தின் குறையில்லை. ஆனால் மெதுவான வகையினரிடம் கெடுதலான இடைப்பொருள் தேங்குவதற்கு வாய்ப்பு அதிகம். ரிஃபாம்பிசினும் உடன் சேரும்போது ஆபத்து இன்னும் ஏறுகிறது என்று சென்னை ஆய்வாளர்கள் 1986இல் எழுதினார்கள். நுரையீரல் காசநோய்க்கு இந்தக் கூட்டு மருந்தைச் சாப்பிட்டவர்களில் 2 முதல் 8 சதவீதம் பேருக்கு அவர்கள் கல்லீரல் அழற்சியைக் கண்டார்கள். மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் கண்ட குழந்தைகளிடம் அது பல மடங்கு அதிகம்.

யாருக்கு ஆபத்து கூடுதல்? வயதானவர்கள், உடல் மெலிந்து சத்துக் குறைந்தவர்கள், மது அருந்துபவர்கள், ஏற்கெனவே ஹெபடைட்டிஸ் பி, சி இருப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். காசநோய் யாரைப் பிடிக்கிறதோ அவர்களே பெரும்பாலும் இந்தப் பட்டியலிலும் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை. சத்துணவு காசநோய்ச் சிகிச்சையில் ஒரு மருந்து போலவே முக்கியம். கல்லீரலுக்கும் அதுவே காவல். குடிப்பவர் ஆறு மாதமாவது முழுதாக விட வேண்டும். "கொஞ்சமாகக் குடிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் பதில், கூடாது என்பதே.

பாதிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வருகிறது. தொடக்கத்தில் பசி போய்விடும். சோற்றைக் கண்டாலே குமட்டும். வாந்தி, அசதி, வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். இவற்றை "டி.பி. மாத்திரை சூடு" என்று சொல்லித் தள்ளிவிடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. காமாலை தெரிவதற்குச் சில நாள் முன்பு உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அதுதான். அந்த நேரத்தில் ரத்தம் சோதித்து மருந்தை நிறுத்தினால் அநேகமாக எல்லோருமே தேறிவிடுகிறார்கள். கண் மஞ்சளாகி, தூக்கம் மயக்கமாகி, பேச்சுக் குழறி வரும்போது கதை மாறிவிடுகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காசநோய் மருந்தால் கல்லீரல் கெட்டு வந்த 269 பேரில் 22.7 சதவீதம் பேர் இறந்தார்கள் என்று 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரிய மருத்துவமனைக்கு மோசமானவர்களே வந்து சேர்வார்கள் என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் அது பெரிய எண்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பில் போகும். வியர்வை, கண்ணீர்கூட நிறம் மாறலாம். இது மருந்தின் சொந்த நிறம், காமாலை இல்லை. இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை விட்டவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, காமாலையால் கறுத்த சிறுநீரை "மாத்திரை நிறம்" என்று விட்டவர்களும் உண்டு. வேறுபாடு கண்ணில் தெரியும்: வெள்ளை விழி மஞ்சளாக இருந்தால் அது காமாலை. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ட்யூப்லைட்டில் தெரியாது.

நிறுத்துவதா, தொடர்வதா?

காசநோயாளியிடம் எல்லோரும் சொல்வது, "ஒரு நாள்கூட விடக்கூடாது" என்று. சாதாரண ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவரிடமும் "கோர்ஸை முடியுங்கள்" என்கிறோம். கிருமி மருந்துக்குப் பழகிப்போகாமல் இருக்க இது தேவைதான். ஆனால் இந்த அறிவுரையைக் கேட்டவர்கள், வாந்தியும் காமாலையும் வந்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரையைத் தொடர்கிறார்கள். நல்ல நோயாளியாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களைக் கொல்கிறது. அறிவுரையின் மறுபாதியைச் சொல்லாதது மருத்துவத் துறையின் தவறு என்றே நினைக்கிறேன். அந்த மறுபாதி இது: கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, விடாத வாந்தியும் பசியின்மையும் வந்தாலோ, அன்றைய மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரையோ காசநோய் மையத்தையோ பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதும் தவறு. காசநோய் சிகிச்சையின்றி நின்றால் அதுவும் கொல்லும்.

மையத்தில் என்ன செய்வார்கள்? எல்.எஃப்.டி. என்று நாம் சொல்லும் கல்லீரல் பரிசோதனை செய்வார்கள். எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியம். கல்லீரல் அணு உடையும்போது வெளியே வருவது அது. சாதாரணமாக 40க்குள் இருக்கும். ஐசோனியாசிட் சாப்பிடுபவர்களில் பத்தில் ஒருவருக்கு, சில நேரம் இருவருக்கு, இந்த எண் லேசாக ஏறி, மருந்தைத் தொடரும்போதே தானாக இறங்கிவிடும். கல்லீரல் பழகிக்கொள்கிறது. ஆகவே 70, 80 என்று வந்தவுடன் மருந்தை நிறுத்துவது அவசரம். எந்தத் தொல்லையும் இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினாலும், வாந்தி, வயிற்றுவலி போன்ற அறிகுறியோடு மூன்று மடங்கைத் தாண்டினாலும் நிறுத்த வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் வரம்பு.

நிறுத்தியபின் காசநோயை அப்படியே விட்டுவிடுவதில்லை. நோய் கடுமையாக இருந்தால், எதாம்பியூட்டால், லீவோஃப்ளாக்சசின் போன்று கல்லீரலை அதிகம் தொடாத மருந்துகளை வைத்து ஒப்பேற்றுவார்கள். எண்கள் இறங்கியதும் நிறுத்திய மருந்துகளை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டு, ரத்தம் சோதித்துக்கொண்டே மறுபடி சேர்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிட்டும் மறுபடி ஒத்துக்கொள்கின்றன. இந்த வேலையை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும்.

எஸ்.ஜி.பி.டி.யை மட்டும் பார்த்துக் கல்லீரலின் நிலையை அறிய முடியாது. அது எத்தனை அணு உடைந்தது என்பதைக் காட்டும். கல்லீரல் இன்னும் வேலை செய்கிறதா என்பதைக் காட்டுவது பிலிருபினும் ரத்தம் உறையும் நேரமும். மருந்துகளால் வரும் கல்லீரல் நோயை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஹைமன் சிம்மர்மன் ஒன்றைக் கவனித்தார். மருந்தால் அணுக்கள் உடைந்து, அதோடு காமாலையும் வந்துவிட்டால், அப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார். இன்றும் புதிய மருந்தொன்று சந்தைக்கு வரும் முன் அவர் பெயரால் வழங்கும் இந்த விதியை வைத்தே அதன் ஆபத்தை அளக்கிறார்கள். உங்கள் அறிக்கையில் எஸ்.ஜி.பி.டி.யும் பிலிருபினும் ஒருசேர ஏறியிருந்தால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள்.

மற்ற மருந்துகள், மற்ற முகங்கள்

ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் கல்லீரலை ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது. ஐசோனியாசிட் அணுக்களை உடைக்கிறது; பார்ப்பதற்கு வைரஸ் காமாலை போலவே இருக்கும். அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட், க்ளாக்ஸாசிலின் வகை, எரித்ரோமைசின் ஆகியவை பித்தத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. பசி அவ்வளவு கெடாது, ஆனால் அரிப்பு தூங்க விடாது. மலம் வெளுத்துப் போகும். இந்த வகையில் மரணம் குறைவு. தேறுவதற்கு நாளாகும்; இரண்டு மூன்று மாதம்கூடப் பிடிக்கலாம். அஸித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை வெகு அபூர்வமாகத் தொல்லை தரும். தந்தால் சில நாட்களிலிருந்து மூன்று வாரத்துக்குள் தெரிந்துவிடும். கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகளில் காய்ச்சலும் தோலில் தடிப்பும் முதலில் வந்து, பின்னால் கல்லீரலும் சேரும். சல்ஃபா மாத்திரைக்குப் பின் தோல் சிவந்து காய்ச்சல் அடித்தால் ஒவ்வாமை என்று தைலம் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வராமலிருக்க மாதக்கணக்கில் நைட்ரோஃபுரான்டாய்ன் சாப்பிடும் பெண்களும், முகப்பருவுக்காக மினோசைக்ளின் சாப்பிடும் இளைஞர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டும் பல மாதம், சில சமயம் ஆண்டுகள் கழித்து, உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும் நோயைப் போன்ற ஒரு பாதிப்பை உண்டாக்கக்கூடும். மருந்தை இத்தனை காலம் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கையே நோயை மறைத்துவிடும். நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் இடையிடையே ரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது.

செஃப்ட்ரியாக்சோன் ஊசியைப் பற்றி ஒரு வரி. அது பித்தத்தில் போய்ச் சேர்ந்து பித்தப்பையில் கல் போன்ற கசடாகப் படியலாம். ஸ்கேனில் கல் என்றே தெரியும். ஊசி நின்றதும் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். அவசரப்பட்டு அறுவைக்குப் போக வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, காய்ச்சலோடு வரும் காமாலைக்கெல்லாம் மருந்தைக் குற்றம் சொல்லிவிடவும் கூடாது. ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ் காமாலைகள் முதலில் வெறும் காய்ச்சலாகவும் வாந்தியாகவும்தான் தொடங்கும். அந்த நேரத்தில் யாராவது ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பார்கள். நாலாம் நாள் கண் மஞ்சளாகும். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாம் தாமாகவே கல்லீரல் எண்களை ஏற்றிவிடும். ஸ்க்ரப் டைஃபஸுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சரியான ஆன்டிபயாட்டிக்தான் உயிர் காக்கும். எண் ஏறியிருக்கிறதே என்று அதை நிறுத்தினால் ஆள் போய்விடுவார். மருந்துதான் காரணமென்று உறுதி செய்ய ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. வைரஸ், பித்தக்கல், மது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகே மருந்தின் பெயருக்கு வர முடியும். மருந்து தொடங்கிய தேதியும் முடித்த தேதியும் அதற்கு மிக அவசியம்.

கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆன்டிபயாட்டிக்கே சாப்பிடக்கூடாது என்ற எண்ணமும் தவறு. கொழுப்புக் கல்லீரல் இருப்பவர் தேவையான ஆன்டிபயாட்டிக்கைத் தயங்காமல் சாப்பிடலாம். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்கு அந்த நீரில் தொற்று ஏற்பட்டால் ஆன்டிபயாட்டிக் ஊசிதான் காப்பாற்றும். கல்லீரல் செயலிழந்து மூளை மந்தமாகும் நிலையில் ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். அது குடலைத் தாண்டி ரத்தத்தில் அநேகமாகச் சேர்வதே இல்லை. கல்லீரலில் அமீபா சீழ்க்கட்டி வந்தால் மெட்ரோனிடசோல் அதை ஆற்றிவிடுகிறது. கல்லீரல் நோயாளி செய்ய வேண்டியது, எந்த மருத்துவரிடம் போனாலும் தன் நோயை முதலிலேயே சொல்வது.

லிவர் டானிக், கீழாநெல்லி

ஆன்டிபயாட்டிக் எழுதும்போதே "கல்லீரலுக்கு" என்று ஒரு டானிக்கும் சேர்த்து எழுதும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கல்லீரல் பாதிப்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கிச் சாப்பிடலாம்.

பச்சிலை வைத்தியத்தைப் பற்றி எழுதினால் கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன 1,288 பேரில் 13.9 சதவீதம் பேருக்குக் கல்லீரல் கெட்டதற்குக் காரணம் மூலிகை மற்றும் மாற்று மருத்துவ மருந்துகள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியை நாள்தோறும் குடித்துக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். கீழாநெல்லி காமாலையைக் குணப்படுத்தியது என்று நாம் நம்புவதற்குக் காரணம், வைரஸ் காமாலை பெரும்பாலும் தானே குணமாவதுதான். மருந்தால் வந்த காமாலையில், அந்த மருந்தைத் தொடர்ந்து தின்றுகொண்டே பச்சிலையைக் குடித்தால், கடைசியாகக் காப்பாற்ற வாய்ப்பிருந்த இரண்டு மூன்று வாரமும் கைநழுவிப் போகும்.

காய்ச்சலோடு இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. கல்லீரல் நோய் உள்ளவர்கள் 2 கிராமைத் தாண்டக் கூடாது.

பெயரைக் குறித்து வையுங்கள்

ஒரு முறை ஒரு ஆன்டிபயாட்டிக்கால் காமாலை வந்தவர் அதே மருந்தை மறுபடி சாப்பிட்டால், இரண்டாம் முறை பாதிப்பு விரைவாகவும் கடுமையாகவும் வரும். உயிரே போகலாம். நம் நாட்டில் ஒரே மருந்து நூற்றுக்கணக்கான கம்பெனிப் பெயர்களில் விற்கப்படுவதால் இது மிகச் சுலபமாக நடந்துவிடும். "அந்த மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை, இது வேறு" என்று வாங்கிச் சாப்பிடுவது அதே மருந்தாக இருக்கும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையையே வைத்துக்கொண்டாலும் சரி. வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும். இனி எந்த மருந்துச் சீட்டு எழுதும்போதும் அதை முதலில் காட்டுங்கள்.

மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பது சட்டப்படி தவறு. அவற்றில் வலுவான பல மருந்துகளையும் காசநோய் மருந்துகளையும் 2014 மார்ச் 1 முதல் எச்1 என்ற தனி அட்டவணையில் வைத்து, யாருக்கு விற்றது, எந்த மருத்துவர் எழுதியது என்று கடைக்காரர் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் எந்தப் பலனும் தராது. பலனே இல்லாத இடத்தில் இரண்டாயிரத்தில் ஒன்று என்ற ஆபத்தும் வீண் ஆபத்துதான்.

அபூர்வமான பாதிப்புகள் மருந்து சந்தைக்கு வரும் முன் நடக்கும் சோதனைகளில் தெரிவதில்லை. சில ஆயிரம் பேரிடம் சோதிக்கும்போது, லட்சத்தில் ஒருவருக்கு வருவது எப்படித் தெரியும்? ட்ரோவாஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் 1997 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். கல்லீரல் அடியோடு செயலிழந்த 14 பேரைப் பற்றிய தகவல் வந்து சேர்ந்ததும், 1999 ஜூனில் அதை மருத்துவமனைகளில் உயிராபத்தான தொற்றுகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். டெலித்ரோமைசின் அங்கே 2004இல் வந்தது; மூன்று நோயாளிகளைப் பற்றி 2006இல் மருத்துவர்கள் எழுதிய கட்டுரை அதன் பயன்பாட்டைக் குறைக்க வழி செய்தது. இரண்டு மருந்துகளையும் தடுத்து நிறுத்தியது, யாரோ ஒருவர் சிரமம் பார்க்காமல் எழுதி அனுப்பிய தகவல்.

இந்தியாவில் அப்படிப்பட்ட தகவல்களைத் திரட்டும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே சொல்லலாம். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ ஒரு மருந்துக்குப் பின் காமாலை வந்திருந்தால், மருந்தின் பெயரையும் தேதிகளையும் கையில் வைத்துக்கொண்டு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.